பியோர்ண்டால் சீட்டில் சேர்ந்த குடியரசு

போனவர்கள் இவ்வளவு பேர். நிதி அமைச்சர் ஒருவர். வெளிநாட்டு அமைச்சர் ஒருவர். சட்டத்தரணி ஒருவர், அவர் விமானத்திலேயே காய்ச்சலில் விழுந்து கடைசிவரை ஹோட்டல் கட்டிலில் கிடந்தார், அவரை இனி எண்ண வேண்டாம். பிறகு நான்.

நான் நிதி அமைச்சரின் சமையல்காரன். காரும் ஓட்டுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டது. பருத்தித்துறையில் பிறந்து, கப்பல் குசினிகளில் வளர்ந்து, கடைசியில் சமாதானப் படைக்குச் சமைக்கும் கொம்பனி ஒன்றோடு அந்தத் தீவில் இறங்கினேன். படை திரும்பிப் போனது. நான் நின்றுவிட்டேன்.

நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று அமைச்சர் அம்மா சொல்லியிருக்கிறார். சின்ன நாடு. அப்போது சுதந்திரம் கிடைத்து மூன்று வருடம். கடலுக்கு அடியில் எண்ணெய் இருக்கிறது. கடலுக்கு மேலே ஒன்றும் இல்லை. இவ்வளவு போதும்.

குசினியில் நாங்கள் இரண்டு அமைச்சர்களுக்கும் பெயர் வைத்திருந்தோம். நிதி அமைச்சர் பூட்டு. போராட்டக் காலத்தில் இயக்கத்தின் அரிசிக் களஞ்சியம் அந்த அம்மாவின் பொறுப்பில் இருந்ததாம். தலைவரே வந்து கேட்டாலும் ஒரு சுண்டு அரிசி கூடக் கொடுத்ததில்லையாம். வெளிநாட்டு அமைச்சர் கொடி. இருபத்துநாலு வருடம் நாடு நாடாகப் போய், இல்லாத நாடு ஒன்றுக்கு ஆதரவு கேட்டவர். தெரிந்தவர் வீட்டுத் தரைகளில் படுத்தவர். பெட்டியின் அடியில் எப்போதும் ஒரு கொடி மடித்திருக்கும். நாடு கிடைத்துவிட்டது. இப்போது கொடியை ஏற்ற இடம் தேடுகிறார்.

சண்டை அங்கேதான். கொடிக்கு ஊருக்கு ஊர் தூதரகம் வேண்டும். பூட்டுக்கு எண்ணெய்க் காசை யாரும் தொடாமல் வைக்க ஒரு சட்டம் வேண்டும். அப்படிச் சட்டம் போட்டுப் பழகியவர்கள் நோர்வேக்காரர். எழுதித் தர ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசிக் கூட்டம். சட்டம் நிறைவேறும்வரை புதிதாக ஒரு சதமும் செலவழிக்கமாட்டோம் என்று அதில் பூட்டு எழுந்து வாக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஆள் வரும்.

ஒஸ்லோ விமான நிலையத்தில் பெட்டிகளுக்குக் காத்து நிற்கும்போது பூட்டு என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். அவர்களுடைய பேச்சை நான் என் பேச்சில் போடுகிறேன். வேறு பேச்சு எழுத எனக்கு வராது.

"உவர் இஞ்சை ஒரு இடம் பாத்து வைச்சிருக்கிறார். தூதரகத்துக்கு. அதிலை கையெழுத்து வைச்சாரெண்டால் நாடு கட்டுப்பட்டுப் போகும். வெள்ளிக்கிழமை நான் பொய்க்காரி. திரும்பிப் போனால் பாராளுமன்றம் என்னை வீட்டை அனுப்பும். சட்டமும் அதோடை சரி. நீ அவரோடையே நில். அவர் ஒண்டிலும் கையெழுத்து வைக்கக் கூடாது."

"ஓம்" என்றேன்.

அது மார்ச் மாதம். ரோட்டோரம் பனி கறுத்துக் கிடந்தது. நான் கேள்விப்பட்ட பனி வெள்ளை. யாரோ அதன் மேல் சாம்பல் கொட்டியது போல இருந்தது. கொடி குளிருக்குப் பழகியவர். நானும் பூட்டும் ஹோட்டல் போகும்வரை வாய் திறக்கவில்லை. நான் வழக்கமாகவே திறப்பதில்லை. பூட்டு திறக்காததுதான் புதினம்.

ஹோட்டல் மேசையில் ஒரு பெண் தாளை நீட்டினாள். கொடி பேனாவை எடுத்தார். நான் தாளின் மேல் கை வைத்தேன்.

"என்னடா?"

"நான் வைக்கிறன், ஐயா."

வைத்தேன். என் கையெழுத்தால் எந்த நாடும் கட்டுப்படாது. அறையும் அவருக்கும் எனக்கும் ஒன்று. அவர் குளிக்கப் போன நேரம் அவருடைய சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து என் சப்பாத்துக்குள் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை நிதி அமைச்சுக்குப் போனோம். எங்களைப் பார்த்துக்கொண்டவர் சில்யே என்ற ஒரு பெண். பெரிய உத்தியோகம். கம்பளிச் சட்டை போட்டிருந்தார், முழங்கையில் ஒட்டு. ஒவ்வொருவரிடமும் என்ன வேலை என்று கேட்டுக்கொண்டு வந்தவர் என்னிடமும் கேட்டார். பூட்டு முந்திக்கொண்டு "ஆலோசகர்" என்றார். அதற்குப் பிறகு எனக்கும் கோப்பி வந்தது.

வாசலில் விருந்தினர் புத்தகம். தோல் அட்டை. கொடி சட்டைப்பையைத் தடவினார். பேனா இல்லை. சில்யே தன் பேனாவைக் கொடுத்தார். நான் நடுவில் போய் நின்றேன். சொன்ன சொல் சொன்னதுதான். எந்தப் புத்தகம் என்று எனக்குச் சொல்லவில்லை. சில்யே என்னைப் பார்த்தார், கொடி என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆளும் என்னைப் பார்த்தார். பூட்டு பின்னாலிருந்து, "அதிலை வைக்கலாம்" என்றார். விலகினேன். கொடி கையெழுத்து வைக்கவில்லை. கோபத்தில் பக்கம் முழுக்க நாட்டுக் கொடியை வரைந்தார். நன்றாகத்தான் வரைந்தார். கூட்டம் அதனால் பிந்தித் தொடங்கியது.

கூட்டத்தில் பேசியது எனக்குப் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதி இது. எண்ணெய் விற்ற காசை ஒரு பக்கம் வைக்கிறார்கள். அதைத் தொடுவதில்லை. அது போடும் குட்டியில் கொஞ்சம் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். பூட்டு பேர்த்டே கேக்கைப் பார்க்கும் பிள்ளை மாதிரி இருந்து கேட்டார். கொடி யன்னலால் வெளியே பார்த்தார். எதிர்க் கட்டடத்தில் ஒரு கொடிக்கம்பம் இருந்தது.

பதினொன்றரைக்கே மத்தியானச் சாப்பாடு. எங்கள் நாட்டில் அது காலைச் சாப்பாட்டு நேரம். ஒற்றைப் பாண் துண்டு, மேலே ஏதாவது. ஒரு துண்டில் இறால், ஒன்றில் முட்டை, ஒன்றில் பழுப்பு நிறச் சீஸ். சீஸைக் கொடி தொதல் இனிப்பு என்று நினைத்து வாயில் போட்டார். பிறகு முகத்தை அரசாங்க முகமாக வைத்துக்கொண்டு விழுங்கினார். எல்லாம் குளிர். இருந்த சூடு கோப்பியில் மட்டும்.

சில்யே எங்கள் தட்டில் கை வைக்கவில்லை. தன் கைப்பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துப் பிரித்தார். எண்ணெய்த் தாளில் சுற்றிய பாண், துண்டுக்குத் துண்டு நடுவில் சின்னத் தாள். பூட்டு ஏன் என்று கேட்டார்.

"விருந்தாளியளின்ரை சாப்பாடு அரசாங்கச் செலவு. என்ரை சாப்பாடு என்ரை வீட்டுச் செலவு."

பூட்டு என் பக்கம் சாய்ந்தார். "இவ்வளவு காசை வைச்சுக்கொண்டு பாணைப் பேப்பரிலை சுத்திக்கொண்டு வருகுதுகள்" என்றார். அதுவரை நோர்வேயை நம்புவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தபிறகுதான் நம்பினார்.

புதன்கிழமை காலைக் கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் கொடி ஓடினார். அறுபது வயதுக்கு நல்ல ஓட்டம். நிலத்துக்கு அடியில் ஒரு ரயில் நிலையம், அதற்குள் இறங்கி, நின்ற ரயிலில் ஏறினார். கதவு சாத்தும்போது நானும் ஏறினேன். அவருக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தேன்.

அவர் போகவேண்டிய இடம் நகரத்துக்குள், டிராமில் பத்து நிமிடம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ரயில் நகரத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. இடையில் சில நிலையங்கள் வந்தன. இறங்கினால் பிழையான ரயிலில் ஏறியதை ஒத்துக்கொண்டதாகிவிடும். அவர் இறங்கவில்லை. அவர் இறங்காததால் நானும் இறங்கவில்லை. கடைசி நிலையமான திராமன் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். வேறு வழியில்லை, நாங்களும் இறங்கினோம்.

"இஞ்சையும் ஒருக்கா வந்து பாக்க இருந்தனான்" என்றார் கொடி.

"ஓம், ஐயா."

திராமனில் பெரிய ஆறு. கரையோரம் மட்டும் உறைந்து, நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. நிலையக் கடையில் சொசேஜ் வாங்கினோம். அதை மெல்லிய உருளைக்கிழங்கு ரொட்டி ஒன்றில் சுற்றித் தருகிறார்கள். மாவு அரைவேக்காடு. இருந்தாலும் மூன்று நாளில் வாயில் பட்ட முதல் சூடான சாப்பாடு. விலையைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் வாங்கினார். முறித்துப் பெரிய பாதியை எனக்குத் தந்தார். நிலையத்து வாங்கில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"நான் முதல் முதல் ஒஸ்லோவுக்கு வந்தது எங்கடை ஆக்கள் காட்டுக்குள்ளை இருக்கேக்கை" என்றார். "ஒரு தேவாலயத்துக்குக் கீழை ஒரு அறை தந்தவை. பேச வந்தனான். அஞ்சு பேர் வந்திருந்தினம். அதிலை ரெண்டு பேர் மழைக்கு ஒதுங்கினவை."

நான் சாப்பிட்டேன்.

"கொடி கட்ட இடமில்லை. கோட்டுக் கொழுவுற ஆணி ஒண்டு இருந்தது. அதிலை கொழுவினன். பேசிக்கொண்டு திரும்பிப் பாக்கிறன், பிந்தி வந்த ஒருத்தன் அதுக்கு மேலை தன்ரை ஈரக் கோட்டைக் கொழுவியிருக்கிறான். வேணுமெண்டு இல்லை. அவனுக்கு அது ஒரு துணி."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "என்ரை பேனாவை எடுத்தது நீதானே?" என்றார்.

"ஓம், ஐயா."

"நினைச்சனான்."

திரும்பி வந்து டிராமில் ஏறினோம். சீட்டு வாங்கினால் மட்டும் போதாது, வண்டிக்குள் இருக்கும் பெட்டியில் அதைக் குத்த வேண்டும். நான் முன்னால் நின்றவரைப் பார்த்துக் குத்தினேன். கொடி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நிறுத்தத்தில் பரிசோதகர் ஏறினார், ஒரு இளம் பெண்.

"நான் ஒரு நாட்டின்ரை வெளிநாட்டு அமைச்சர்."

"அப்ப உங்களுக்கு இது பெரிய காசில்லை" என்று சொல்லித் தண்டச் சீட்டைக் கிழித்தாள். அதிலும் கையெழுத்துக் கேட்டாள். நான் வைத்தேன். அன்றிரவு கொடி தண்டத்தைப் பயணச் செலவில் எழுதக் கேட்டார். பூட்டு நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "சீட்டைக் குத்தாதது நாடோ, நீங்களோ?" என்றார். தண்டம் அவருடைய படிக்காசில் போனது.

அவர் பார்த்து வைத்திருந்த இடம் ஒரு பழைய சப்பாத்துக் கடைக்கு மேலே இரண்டு அறை. சொந்தக்காரர் ஆர்னே என்ற கிழவர். தண்ணீர்க் குழாய் சத்தம் போட்டது. நான் பார்த்த தூதரகம் எதுவும் இப்படி இல்லை. கொடி அறைகளைப் பார்க்கவில்லை. நேரே யன்னலைத் திறந்து வெளிச்சுவரைத் தடவினார். கொடிக்கம்பம் செருகும் இரும்புக் குழாய் ஒன்று அங்கே பதித்திருந்தது. விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். துரு.

"வாடகை ஏழாயிரம்" என்றார் ஆர்னே. "மூண்டு மாச முற்பணம் இருபத்தோராயிரம் குரோனர். வெள்ளிக்கிழமை ரெண்டு மணி வரைக்கும் வேறை ஆருக்கும் குடுக்கமாட்டன்."

"இப்பவே கையெழுத்து வைக்கிறன். ஒரு பேனா தாருங்கோ."

நான் அவருடைய கைக்குப் பக்கத்தில் நகர்ந்தேன். ஆர்னே தலையாட்டினார். "காசு வராமல் கையெழுத்து வாங்கி நான் என்ன செய்ய?"

நாட்டைக் காப்பாற்றியது அன்றைக்கு நான் இல்லை, ஆர்னே.

வியாழக்கிழமை பின்னேரம் அக்கா வீடு. அக்கா பியோர்ண்டாலில் இருக்கிறா. அத்தானோடு அகதியாய் வந்து அங்கேயே ஊன்றிவிட்டா. ஒஸ்லோவின் தெற்கு விளிம்பு, மாடி மாடியாய் வீடுகள், பல நாட்டுச் சனம். கண்டு பதினெட்டு வருடம். மந்திரிமாரையும் கூட்டிக்கொண்டு வா, சோறு தின்னட்டும் என்று சொல்லியிருந்தா. குளிர்ந்த பாண் மூன்று நாள் தின்ற இருவரும் கடைசியில் மறுக்கவில்லை. ஹோட்டலில் அறிக்கை எழுதுகிறேன் என்று முதலில் சொன்ன பூட்டு, நண்டுக்கறி என்றதும் சப்பாத்துப் போட்டார்.

அக்காவின் மகள் துர்க்கா பஸ்ஸில் கூட்டிப்போனாள். அங்கேயே பிறந்து பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

"மாமா, உங்கடை ஜாக்கெ சரியான மெல்லிசு. அப்பான்ரை ஒண்டு கிடக்கு, தாறன். இந்த மினிஸ்டர் அங்கிள் என்னத்துக்கு எல்லா யன்னலுக்கும் வெளியிலை பாக்கிறார்?"

"கம்பம் பாக்கிறார்."

"சரி" என்றாள். மேலே கேட்கவில்லை. என் மருமகள்தான்.

கதவைத் திறந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தா. "மெலிஞ்சு போனாய். உள்ளை வா, சூடு வெளியிலை போகுது." அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் வாய் திறக்காத இந்த நோய் இருக்கிறது.

வாசலில் சப்பாத்துகள் குவிந்திருந்தன. உள்ளே பெண்கள், சோபாவில், கதிரையில், கம்பளத்தில். எங்களுக்காகத்தான் கூடியிருக்கிறார்கள் என்று நினைத்துக் கொடி எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டு போனார். அக்கா என்னிடம், "இண்டைக்குச் சீட்டு. புதுச் சீட்டு துவங்கிற நாள். மினிஸ்டர் வந்தாலும் தள்ளிவைக்க ஏலாது" என்றா.

முதலில் சாப்பாடு. சோறு, நண்டுக்கறி, கத்தரிக்காய்ப் பொரியல், சொதி. கொடி நண்டுக் காலைக் கடிக்கும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. பூட்டு மூன்றாம் தரம் சோறு வாங்கினார். "நீ இப்பிடி ஒரு நாளும் சமைச்சதில்லையே" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அக்காவுக்கு அதைத் துர்க்கா மொழிபெயர்த்தாள். அவள் மொழிபெயர்த்திருக்க வேண்டாம்.

பிறகு சீட்டு. சீட்டுப் பிடிப்பது அக்கா. இருபது பேர், ஆளுக்கு மாதம் ஆயிரம், மொத்தம் இருபதாயிரம். அவசரம் உள்ளவர் கழிவு சொல்லி எடுப்பார். கூடக் கழிவு சொன்னவருக்குச் சீட்டு. அந்தக் கழிவுக் காசு எல்லாருக்கும் பிரியும், அந்த மாதம் ஆளுக்கு அவ்வளவு குறைத்துக் கட்டலாம். பொறுத்துக் கடைசியில் எடுப்பவருக்குக் கழிவே இல்லை. இதைத் துர்க்கா இரண்டு அமைச்சர்களுக்கும் ஆங்கிலத்தில் சொன்னாள். பூட்டு கையைக் கழுவாமல் அப்படியே நின்று கேட்டார். கொடி கேட்டது இருபதாயிரம் என்ற சொல்லை மட்டும்.

"எழுநூறு" என்றாள் ஒருத்தி.

"ஆயிரம்."

"ஆயிரத்து இருநூறு" என்றார் கல்பனா. கோயம்புத்தூர்க்காரி, புருஷனுக்குக் கம்ப்யூட்டர் வேலை.

"மூவாயிரம்" என்றார் கொடி, ஆங்கிலத்தில்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"அக்கா, மூவாயிரம் தள்ளுறேன்னு சொல்றாரே" என்றார் கல்பனா. நாங்கள் கழிவு என்பதை அவர் தள்ளு என்பார். "நமக்கு லாபம்தானே. குடுத்துடுங்களேன்."

"லாபந்தான்" என்றாள் பரா என்ற பெண். மடியில் ஒரு பையன் படுத்திருந்தான். "அடுத்த மாசம் உவரை எங்கை போய்ப் பிடிக்கிறது? ஆர் உவர்?"

"தம்பி வேலை செய்யிற நாட்டு மினிஸ்டர்" என்றா அக்கா.

"அந்த நாடு துவங்கி எவ்வளவு காலம்?"

"மூண்டு வருசமாம்."

"என்ரை கடைக்குட்டிக்கும் மூண்டு வயசு. இவனை நம்பி நான் காசு குடுப்பனோ?"

துர்க்கா சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். கொடி எழுந்து நின்றார். பேச்சுப் பேசிப் பழகியவர். "நூறுக்கு மேற்பட்ட நாடுகள் எங்களை ஏற்றுக்கொண்டிருக்கு" என்றார்.

"நல்லது" என்றாள் பரா. "அதிலை ஒரு நாடு பிணை நிக்குமோ?"

கொடி உட்கார்ந்தார்.

பூட்டு முன்னால் வந்தார். கொடியிடம் கேட்டார். "மூவாயிரம் கழிஞ்சால் பதினேழாயிரம். அந்த அறைக்கு இருபத்தோராயிரம். மிச்சம்?"

"நட்பு நாடுகளிட்டைக் கேப்பன்."

"சரிதான்" என்றார் பூட்டு. பிறகு துர்க்காவிடம் கேட்டார். "இதுக்கு எழுத்து எங்கை? ஆர் எதிலை கையெழுத்து வைக்கிறது?"

"கையெழுத்து ஒண்டுமில்லை" என்றா அக்கா. "வாய்ச்சொல்தான்."

"ஒராள் எடுத்துக்கொண்டு ஓடினால்?"

"பியோர்ண்டாலை விட்டு எங்கை ஓடுறது? லில்லெஸ்ட்ரோமிலை கலியாண வீடு வரும், அங்கை பிடிப்பம். கலியாண வீட்டுக்கு வராமல் ஒருத்தரும் இருக்கேலாது."

பூட்டு சிரித்தார். நான் அவருக்குச் சமைக்கத் தொடங்கிய நாளிலிருந்து அதைப் பார்த்ததில்லை. பல் நல்ல வரிசை.

அக்கா கொடியைப் பார்த்துச் சொன்னா, துர்க்கா திருப்பிச் சொல்லச் சொல்ல: "புது ஆளை நாங்கள் விலத்துறதில்லை. புது ஆளுக்குக் கடைசிச் சீட்டு. உங்களோடை இருபத்தொரு பேர். கடைசிக்குக் கழிவில்லை, முழுசா இருபத்தோராயிரம். ஆனால் ஒராள் பிணை நிக்க வேணும்."

கொடி விரல்விட்டு எண்ணினார். நாளை இரண்டு மணிக்குத் தேவைப்பட்ட அதே தொகை, இருபத்தோராவது மாதத்தில்.

"இருபத்திநாலு வருசம் நான் பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றார்.

அக்காவுக்கு அவருடைய கதை ஒன்றும் தெரியாது. "இருபத்திநாலு வருசம் இருந்தவருக்கு இருபத்தொரு மாசம் என்ன?" என்றா. "ஆர் பிணை?"

இருபது பெண்களும் என்னைப் பார்த்தார்கள். வேறு யாரைப் பார்ப்பது. பிணை என்றால், அவர் கட்டாத மாதம் நான் கட்ட வேண்டும். என் சம்பளத்தில் ஆயிரம் குரோனர் என்பது பாதிக்கு மேல். நானும் கட்டாவிட்டால் அக்காவுக்கு இனி அங்கே சீட்டுப் பிடிக்க முகமில்லை. பூட்டும் என்னைத்தான் பார்த்தார். அவர் சொன்னது கையெழுத்து வைக்கக் கூடாது என்று. இதில் கையெழுத்தே இல்லை. நாட்டுக் காசும் இல்லை, கொடியின் சொந்தச் சம்பளம். அவர் மறுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை, ஆனாலும் தேடிக்கொண்டிருந்தார். பிறகு தேடுவதை விட்டுவிட்டு மேசையைப் பார்த்தார்.

எனக்குத் திராமனில் கேட்ட அந்த ஈரக் கோட்டின் நினைவு.

"ஓம்" என்றேன்.

"வாய் திறந்திட்டான்" என்றா அக்கா. "சரி. இனிப் புதுசாக் கழிவு கூறுங்கோ."

அன்றைய சீட்டைப் பரா ஆயிரத்து அறுநூற்று எண்பது கழிவில் எடுத்தாள். ஆளுக்கு எண்பது குறைந்தது. கட்ட வேண்டியது தொள்ளாயிரத்து இருபது. கொடி பையைக் கவிழ்த்தார். டிராம் தண்டத்தில் போனது போக எழுநூற்றுச் சொச்சம் இருந்தது. அவர் மறு பையைத் தேடும்போது பூட்டு ஒரு இருநூறு தாளை மேசையில் வைத்துவிட்டு, கை கழுவக் குசினிக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை பூட்டு எழுந்து வாக்குக் கொடுத்தார். புதிதாக ஒரு சதமும் செலவழிக்கமாட்டோம், எதிலும் நாட்டைக் கட்டமாட்டோம் என்றார். கொடி பக்கத்தில் இருந்து தலையாட்டினார். சில்யே ஆள் அனுப்புவதாகச் சொல்லிக் கைகொடுத்தார். எனக்கும் கொடுத்தார். "ஆலோசகர் கடைசிவரை ஒண்டும் சொல்லேல்லையே" என்றார். பூட்டு, "சொல்ல வேண்டிய இடத்திலை சொன்னவர்" என்றார்.

இரண்டு மணிக்குக் கொடியும் நானும் ஆர்னேயிடம் போனோம். போகும் வழியில் கொடி டிராமில் சீட்டை இரண்டு தரம் குத்தினார்.

"இண்டைக்குக் காசில்லை" என்றார் ஆர்னேயிடம். "இருபத்தொரு மாதத்திலை கொண்டு வாறன்."

ஆர்னே யோசித்தார். "அப்ப நான் செத்திருப்பன்" என்றார். "என்ரை மகளிட்டைக் கேளுங்கோ." பிறகு கோப்பி ஊற்றி, இதய வடிவத்தில் ஒரு ரொட்டி சுட்டு, மேலே ஜாம் பூசித் தந்தார். சூடாக இருந்தது. புறப்படும்போது கொடி யன்னலைத் திறந்து அந்த இரும்புக் குழாயை இன்னொரு தரம் தடவினார். நான் சப்பாத்தைக் கழற்றி, பேனாவை எடுத்துக் கொடுத்தேன். வளைந்திருந்தது. பையில் வைத்துக்கொண்டார்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நோர்வேயிலிருந்து ஆள் வந்தது. சட்டம் நிறைவேறியது. பூட்டு பூட்டாகவே இருக்கிறார். கொடி மாதம் தவறாமல் சம்பள நாளில் குசினி வாசலுக்கு வந்து காசைத் தந்துவிட்டுப் போவார். நான் அக்காவுக்கு அனுப்புவேன். இரண்டு மாதம் மட்டும் அவர் மாநாடு மாநாடாகப் போய்விட்டார், தகவல் இல்லை. நான் என் காசை எடுத்து வைத்தேன். பூட்டு அதைப் பார்த்துவிட்டு, "மீன் வாங்க" என்று சொல்லி அந்தத் தொகையைச் சதம் பிசகாமல் தந்தார். மீன் வாங்கவில்லை. கொடியிடம் சொல்லக் கூடாது என்றார். நான் சொல்லவில்லை. எழுதியிருக்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது.

இருபத்தோராவது மாதம் அக்கா ஃபோன் எடுத்துச் சீட்டுக் காசு தயார் என்றா. ஆர்னே உயிரோடு இருந்தார். இடையில் வாடகைக்கு இருந்த பெண் விட்டுப் போயிருந்தாள். வாடகையை ஏற்றவில்லை. அந்த வருட வரவு செலவில் பாராளுமன்றம் ஒஸ்லோவுக்கு ஒரு சின்னத் தொகை ஒதுக்கியிருந்தது. முற்பணத்துக்கு அதில் இடமில்லை, சீட்டுக் காசு இருந்ததால் தேவையும் இருக்கவில்லை. துர்க்கா படம் அனுப்பினாள். சப்பாத்துக் கடைக்கு மேலே நாட்டுக் கொடி. பனியில் நனைந்து, கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு, என்ன நிறம் என்றே தெரியவில்லை. கொடி அந்தப் படத்தைச் சட்டைப்பையில், அந்த வளைந்த பேனாவோடு வைத்திருக்கிறார்.

பிறகு பூட்டு கணக்குப் பார்த்தார். மாதா மாதம் கழிவுக் காசைக் குறைத்துக் கட்டியதால் கொடி கட்டிய தொகை இருபத்தோராயிரத்தைவிடக் குறைவு. கட்டியதற்கு மேலே கிடைத்தது லாபம். அமைச்சராய் இருப்பவர் வெளிநாட்டில் லாபம் எடுக்கக் கூடாது என்றார் பூட்டு. அதைக் கொடியிடமிருந்து வாங்கித் திறைசேரியில் போட்டார். கொடி முனகினார், கொடுத்தார்.

அடுத்த வருட வரவு செலவுப் புத்தகம் குசினி மேசையில் கிடந்தது. எனக்கு அவர்கள் எழுத்து வாசிக்க வராது, எண் வாசிப்பேன். வெளிநாடுகளிலிருந்து எண்ணெய் தவிர வந்த வருமானம் என்று ஒரு வரி இருக்கிறது என்று பூட்டு விரலால் காட்டினார். முதல் தடவையாக அந்த வரியில் ஒரு எண் இருந்தது.

ஆயிரத்து அறுநூற்று நாற்பது குரோனர்.